ஐந்தாவது கார்பன் பிரதி

ஞாயிறு மதியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலிக்கிறது, ஆனால் அதை எழுத வேண்டாம் என்றாள், அதனால் எழுதவில்லை என்று வைத்துக்கொள். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. தபால்காரர் நம் தெருவுக்குள் நுழையும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். அம்மா அதற்காக அவர்மேல் கோபமாக இருக்கிறாள். வாசல் வரை வந்து இல்லை என்று சொன்னால் என்னவாம், அதற்குள் கால் தேய்ந்துவிடுமா என்கிறாள்.

ஒரு செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மாமா தைத்துக் கொடுக்கும் சட்டைகளில் பாதி நம் ஊர்ப் பத்திரிகையின் மேனேஜருக்குப் போவது உனக்குத் தெரியும். காலர் அளவு எடுக்கும்போது, வீட்டில் எட்டாவதோடு நின்ற ஒரு பெண் இருக்கிறாள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள் என்று மாமா சொன்னாராம். கழுத்தில் டேப் இருக்கும்போது யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பது மாமாவின் விளக்கம்.

வேலை என்னவென்றால், படிப்பது. கம்பாசிட்டர் எழுத்துகளைக் கோத்து நீளமான தாளில் ஒரு புரூஃப் எடுத்துத் தருவார். புரூஃப் பார்க்கும் அக்கா அதைக் கையில் வைத்துக்கொள்வார். நான் எதிரில் உட்கார்ந்து, மூலத் தாளை வைத்து ஒரு புள்ளி விடாமல் சத்தமாகப் படிக்க வேண்டும். கமா வந்தால் கமா என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க வாயைத் திறக்காத பெண்ணுக்கு வாயை வைத்துப் பிழைக்கிற வேலையா என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் நாள் என் குரலே வரவில்லை. புரூஃப் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கமா மட்டும்தான் காதுல விழுது, மத்ததெல்லாம் வயித்துக்குள்ளயே இருக்கு" என்றார். அன்றிலிருந்து அச்சகத்தில் என் பெயர் கமா. ஏற்ற இறக்கத்தோடு படித்தாலும் திட்டு விழும். "செய்தியைக் கேட்டு நான் அழவோ சிரிக்கவோ கூடாது, எழுத்தை மட்டும் பார்க்கணும், நீ குழாய்த் தண்ணி மாதிரி ஒரே சீரா வா" என்றார். இப்போது அப்படித்தான் வருகிறேன். தீப்பிடித்த கிடங்கையும் சோப்பு விளம்பரத்தையும் ஒரே குரலில் படிக்கிறேன். இன்னொரு விதி: மூலத்தில் ஏதாவது மங்கலாக இருந்தால் ஊகித்துப் படிக்கக் கூடாது. "தெளிவில்லை" என்று சொல்ல வேண்டும். அவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார், ஆபீசில் யாராவது போன் செய்து கேட்பார்கள்.

தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து நாலாகிவிட்டது. விலைப்பட்டியல் தினமும் வருகிறது. சர்க்கரை, உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் பின்னால் பூஜ்ஜியம் கூடிக்கொண்டே போனதில் கம்பாசிட்டரின் பெட்டியில் பூஜ்ஜியம் தீர்ந்துவிட்டது. இப்போது தலைப்புக்கு வைத்திருக்கும் தடித்த பூஜ்ஜியத்தை எடுத்துப் போடுகிறார். முட்டை விலையைப் பார்த்தால் முட்டையே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். அதையாவது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சோப்பை நூல் வைத்து நாலாக அறுத்து, ஒரு துண்டு ஒரு வாரத்துக்கு என்று வைத்திருக்கிறாள்.

வானிலை போடக் கூடாது என்று உத்தரவு. எதிரிக்கு உதவுமாம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதை எல்லோரும் பார்க்கிறார்கள், பத்திரிகைக்கு மட்டும் தெரியாது. குறுக்கெழுத்துப் போட்டியும் நின்றுவிட்டது, கட்டங்களுக்குள் யாராவது ரகசியம் அனுப்புவார்களாம். தொடர்கதை எழுதுகிறவர் படைக்குப் போய்விட்டார். துணை ஆசிரியர் ஒருவர் தொடர்கிறார், அவருக்குக் கதை எங்கே போகிறது என்று தெரியவில்லை. கதாநாயகி மூன்று வாரமாக ரயிலடியில் நிற்கிறாள். இன்னும் ஒரு ரயில்கூட வரவில்லை.

வியாழக்கிழமைதான் பெரிய வேலை. ராணுவ அலுவலகத்திலிருந்து சைக்கிளில் ஒருவர் பட்டியல் கொண்டு வருவார். எண், பெயர், ஊர், பக்கத்தில் இறந்தார், காயம், காணவில்லை, இதில் ஒன்று. முதல் பிரதி அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும், அடுத்தவை எங்கெங்கோ போகும், எங்களுக்கு வருவது ஐந்தாவது கார்பன் பிரதி. புகையால் எழுதியது போல இருக்கும். மாலைக்குள் அதையும் அவர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை ஒரு பத்திரிகையை வீட்டுக்கு எடுத்து வந்து அம்மாவுக்கு முழுப் பட்டியலையும் படிக்கிறேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். முடிந்ததும் சரி என்று எழுந்து அடுப்பில் தண்ணீர் வைப்பாள். முந்தின நாளே எனக்குத் தெரியும் என்றாலும், அவள் எதிரில் படிக்கும்போதுதான் உன் பெயர் இல்லை என்று எனக்கும் நம்பிக்கை வருகிறது.

ஒரு வரி போதும். எழுது.

அம்மாவின் ஆசியோடு,
உன் தங்கை


சனிக்கிழமை மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதில் எழுதும்போது இதைப் பற்றி எதுவும் குறிப்பிடாதே. உன் பதிலை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முந்தாநாள் வியாழன். மூன்று தாள் பட்டியல் வந்தது. இரண்டாவது தாளின் நடுவில் உன் பெயர் இருந்தது. அப்பாவின் முதலெழுத்து, உன் பெயர், நம் ஊர், காணவில்லை. எண்ணில் கடைசி இலக்கம் மங்கலாக இருந்தது. நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபது வரை தெளிவு. கடைசியில் இருந்தது மூன்றா எட்டா என்று தெரியவில்லை. உன் எண் மூன்றில் முடிகிறது.

நான் எட்டு என்று படித்தேன்.

தெளிவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கேள்விக்குறி போட்டிருப்பார்கள், போன் செய்திருப்பார்கள், பதில் வந்திருக்கும். கண் பார்த்து முடிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது. புரூஃபில் கம்பாசிட்டர் வேறு ஏதோ இலக்கத்தைக் கோத்திருந்தார். புரூஃப் அக்கா அதை அடித்து ஓரத்தில் எட்டு என்று எழுதினார். அடுத்த பெயரைப் படி என்றார். படித்தேன். குரல் மாறவில்லை. அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாலையில் சைக்கிள்காரர் தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று நான் வீடு வருவதற்கு முன்பே மாமா பத்திரிகையோடு வந்துவிட்டார். கழுத்தில் டேப் தொங்கியபடியே ஓடி வந்திருக்கிறார், கடையில் ஒருவர் ஒரு கை மட்டும் தைத்த சட்டையோடு நிற்கிறாராம். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில். மாமா என்னைப் பார்த்ததும், நீ அங்கதானே வேலை பாக்குற, இது என்னன்னு சொல்லு என்று கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

எண் வேறு என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை அச்சகத்துக் குரலில் சொன்னேன். அண்ணாவின் எண் மூன்றில் முடியும், இது எட்டு, இது வேறு ஆள். மாமா உன் கடைசிக் கடிதத்தின் உறையை எடுத்து வந்து பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். ஆமா, எட்டு, எட்டேதான் என்று அவர் சொன்னதும் அம்மா எழுந்து முகம் கழுவப் போனாள்.

அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அது நிஜமாகவே எட்டாக இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரு ஊரில் இருக்கக் கூடாது என்று சட்டமில்லை. நான் பார்த்தது எட்டுதான் என்று சில நேரம் தோன்றுகிறது. சில நேரம் அந்தத் தாளை நினைத்துப் பார்த்தால் மூன்று என்று தெரிகிறது. எது நினைவு, எது நானாகப் போட்டது என்று பிரிக்க முடியவில்லை.

இன்று மாமா எங்களை சினிமாவுக்குக் கூட்டிப் போனார். இரவில் விளக்கு எரியக் கூடாது என்ற உத்தரவால் பகல் காட்சி மட்டும்தான். அதே படம் பதினோராவது வாரம், புதுப் படப்பெட்டி வருவதில்லை. கப்பலில் சமையல்காரனாக வேலை பார்ப்பவன் முதலாளியாக வேஷம் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. கொட்டகையில் எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். கதாநாயகன் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசை சொல்லிவிடுகிறது. அவன் பெண்ணைப் பார்த்து நான் யார் தெரியுமா என்று கேட்டபோது, குழம்புல உப்பு போட்டவன் என்று மொத்தக் கொட்டகையும் கத்தியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் இருக்கும். டிக்கெட் விலையும் ஏறிவிட்டது. மாமா அதைச் சொல்லிக் காட்டவேயில்லை, அவரைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர்ந்தால் நீ படிப்பாய். சேராவிட்டால் திரும்பி வரும். இரண்டில் எதுவானாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் உன் பதில் முந்திக்கொண்டால் நல்லது.

உன் தங்கை


வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

திங்கட்கிழமை அம்மா என்னை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். உனக்கு இல்லை. அந்த எட்டாம் எண்காரனின் அம்மாவுக்கு.

ஞாயிறு முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. நாம் சினிமா பார்த்துச் சிரித்த நேரத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமோ என்னவோ, ஒரே பெயர் வைத்தோமே, பாவம் அவள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தனக்கு வர வேண்டியது முகவரி மாறி அந்த வீட்டுக்குப் போய்விட்டது போலப் பேசினாள். ராணுவ அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் சேர்த்துவிடுவார்கள், நீயே கொண்டு போய்க் கொடு என்றாள். நான் மறுப்பதற்குக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

புதன்கிழமை அச்சகத்தில் மதியத்துக்கு மேல் லீவு கேட்டுப் போனேன். ராணுவ அலுவலகம் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறது. கரும்பலகை அப்படியே இருக்கிறது, அதில் அதிகாரிகள் சாப்பாட்டு நேரம் எழுதியிருந்தார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தாவுக்கு நான் சொன்னது மூன்று முறையும் கேட்கவில்லை. என்னம்மா, காத்தோட பேசுறியா என்றார். அதனால் எண்ணைப் படிப்பது போலப் படித்தேன். நான்கு, ஒன்று, ஏழு, ஆறு, எட்டு.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். அந்த எண்ணுக்கு உரியவர் வேறு பெயர், வேறு ஊர், லாரி ஓட்டுகிறார், போன வாரம்தான் பல்வலி என்று லீவு கேட்டிருக்கிறார் என்றார். நான் நகரவில்லை. உனக்கு யார் வேணும் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் விரல் ஐந்து வரி மேலே போனது. பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் பிரதி கறுப்பாக, கூராக இருக்கிறது அண்ணா. மூன்றுதான்.

நீ யார் என்று கேட்டார். பத்திரிகை அலுவலகம் என்றேன். பிறகு, தங்கை என்றேன். அவர் பேனாவை மூடினார். வீட்டுக்குத் தபால் வர இன்னும் இரண்டு மூன்று வாரமாகும் என்றும், உன் பிரிவு ஓர் ஆற்றைக் கடந்த பிறகு எடுத்த கணக்கில் நீ இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்றும் சொன்னார். பிடிபட்டிருக்கலாம், வேறு பிரிவின் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், அப்படித் திரும்பி வந்தவர்கள் உண்டு என்றார். தினமும் பலருக்குச் சொல்லிப் பழகிய குரல். எனக்கு அந்தக் குரல்தான் தாங்கிக்கொள்ள முடிந்தது.

அச்சகத்துக்குத் திரும்பிப் போய் புரூஃப் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் நெடுநேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். கமா, அந்த வரி வந்தப்ப தாளைக் கீழ வச்சிருக்கலாம்ல, நான் எடுத்துப் படிச்சிருப்பேனே என்றார். அவ்வளவுதான். பிறகு, திருத்தம் போட்டாக வேண்டும், வெள்ளிக்கிழமை வரும், அதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடு என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கடிதத்தைக் கொடுத்தாயா, விலாசம் கிடைத்ததா என்று அம்மா கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அதனால் பையிலிருந்து அவள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவள் சொல்லி நான் எழுதியது இது. "அம்மா, உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே பெயர். காணவில்லை என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் நீங்களாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடுங்கள். நீங்கள் சாப்பிடாவிட்டால் வீட்டில் மற்றவர்களும் சாப்பிட மாட்டார்கள். அவன் சட்டைகளை எடுத்து ஒருமுறை துவைத்துப் போடுங்கள், மடித்தே கிடந்தால் மடிப்பில் கிழியும். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கொஞ்சம் சர்க்கரை எடுத்து வைத்திருக்கிறேன், தேநீர் போட்டுத் தருகிறேன். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை."

இதை ஏன் எனக்குப் படிக்கிறாய், நான் சொன்னதுதானே என்றாள். அந்த அம்மா வீடு எந்தத் தெருவாம் என்றாள். நம் தெருவின் பெயரைச் சொன்னேன். கதவு எண்ணையும் சொன்னேன்.

அம்மா என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். இரண்டாம் முறை கேட்கும்போது கையை நீட்டி என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். எட்டு என்று ஏன் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டாள். போன வியாழன் என்றேன். சினிமாவுக்கு முன்னாலா என்றாள். ஆமாம் என்றேன். அப்படியானால் நீ படம் பார்க்கவே இல்லை என்றாள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிட்டோம். அம்மா சாதாரணமாகச் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டாள், ஒரு வேலையை முடிப்பது போல. காலையில் உன் பெட்டியைத் திறந்து நான்கு சட்டைகளை எடுத்துத் துவைத்தாள். அந்த வாரச் சோப்புத் துண்டு அதிலேயே தீர்ந்துவிட்டது. வெயிலில் அவை அரை மணியில் காய்ந்துவிட்டன. மாமா வந்தார். கொடியைப் பார்த்தார். ஒரு சட்டையின் தளர்ந்த பித்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று மாலை திருத்தத்தைப் புரூஃப் பார்த்தோம். புரூஃப் அக்கா தாளைத் தன்னிடம் கொடு என்று கையை நீட்டினார். வேண்டாம் என்று நானே படித்தேன். சென்ற வாரப் பட்டியலில், கமா, நான்கு ஒன்று ஏழு ஆறு எட்டு என்று இருப்பதை, கமா, நான்கு ஒன்று ஏழு ஆறு மூன்று எனத் திருத்தி வாசிக்கவும், முற்றுப்புள்ளி. இன்று காலை நாலாம் பக்கத்தில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, சத்தமில்லாமல் இரண்டு முட்டை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தொடர்கதையில் ரயில் வந்துவிட்டது. அடுத்த மாதம் மண்ணெண்ணெய் அளவைப் பாதியாகக் குறைக்கிறார்கள். வெங்காயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அம்மாவிடம் கேட்டேன். பழைய முகவரிக்கே போடு, அவன் எங்கே என்று அவர்களுக்கே தெரியாது, நாமாக ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு, கடைசியில் தான் சொல்வதையும் சேர்க்கச் சொன்னாள். அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"கண்ணு, நீ எங்க இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. யார் குடுத்தாலும் வாங்கிக்க. அவங்க யாருன்னு பாக்காத. உன் தங்கச்சி மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டு நிக்காத, இன்னும் கொஞ்சம் வேணும்னு கேளு."

எழுதிவிட்டேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினேன்.

அம்மாவும், உன் தங்கையும்